நாராயண தீர்த்தர் ஆராதனை: ஒரு தரங்கத்தை வரிசை குலையாமல் பாடுவது எப்படி?

நடுவாய்க்கால்:
எல்லாருக்கும் வணக்கம். மாசி மாத சுக்ல அஷ்டமியில் நாராயண தீர்த்தர் ஆராதனை வருகிறது. பாபநாசம் பக்கத்தில் எங்கள் பஜனை கோஷ்டி வழக்கமாக அவருடைய 'கிருஷ்ண லீலா தரங்கிணி' என்ற நூலிலிருந்து ஆறேழு பாட்டைப் பொறுக்கிப் பாடி முடித்துவிடும். இந்தத் தடவை முதல் தரங்கத்தை (அத்தியாயத்தை) மட்டுமாவது சுலோகம், சூர்ணிகை (வசனப் பகுதி), பாட்டு என்று நூலில் உள்ள வரிசைப்படியே பாட விருப்பம். ஆண்கள் ஐந்து பேர், பெண்கள் எட்டுப் பேர். மிருதங்கம், ஆர்மோனியம், இரண்டு ஜோடி ஜால்ரா இருக்கிறது. கையில் உள்ள நேரம் இரண்டரை மணி.

கேட்க வேண்டியவை மூன்று. நேரக் கணக்கு எப்படி? புத்தகத்தில் போட்டிருக்கும் ராகமா, இப்போது பாடப்படும் மெட்டா? நடுவில் பத்து நிமிஷம் சுவாமிகளின் சரித்திரம் சொல்ல வேண்டும். அதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதை 'சொல்வழக்கு' என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்?

வெண்ணாற்றங்கரை:
நல்ல காரியம். முதலில் நேரம்.

தரங்கிணி முழுவதும் 12 தரங்கம். தனிப் பாட்டு ஒன்றையும் தரங்கம் என்றே சொல்வது வழக்கம், குழப்பிக்கொள்ள வேண்டாம். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 153 பாட்டு, 302 சுலோகம், 31 சூர்ணிகை. எல்லாச் சரணத்தையும் முன்பாட்டு, பின்பாட்டாகச் சொன்னால் ஒரு பாட்டுக்குச் சராசரி ஏழு நிமிஷம். சுலோகத்தை ராகம் போட்டு நீட்டாமல் செய்யுளின் சந்தப்படியே சொன்னால் ஒரு நிமிஷம். சூர்ணிகை ஒன்றுக்கு இரண்டு நிமிஷம். எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 24 மணி நேரம். சப்தாகமாக ஏழு நாள் வைத்தால் நாளுக்கு மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. தரங்கம் ஒன்றுக்குச் சராசரி இரண்டு மணி.

ஆனால் தரங்கங்கள் ஒரே அளவானவை அல்ல. உங்கள் பதிப்பை எடுத்து முதல் தரங்கத்தில் பாட்டு எத்தனை, சுலோகம் எத்தனை, சூர்ணிகை எத்தனை என்று எண்ணி, மேலே சொன்ன ஏழு, ஒன்று, இரண்டால் பெருக்கிப் பாருங்கள். பஜனையின் தொடக்கப் பாட்டுகளான தோடய மங்களத்துக்கு இருபது நிமிஷம், குரு தியானத்துக்கு ஐந்து, சரித்திரத்துக்குப் பத்து, மங்களத்துக்கும் ஆரத்திக்கும் பதினைந்து கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது நூறு நிமிஷம். பெருக்கி வந்த தொகை அதற்கு மேலே போனால் சரணத்தைக் குறையுங்கள், சுலோகத்தில் கை வைக்காதீர்கள். சரணத்தைக் குறைக்கும்போதும் கடைசிச் சரணத்தை விடக் கூடாது. 'நாராயண தீர்த்த' என்ற முத்திரை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

சுலோகத்தை ஏன் விடக் கூடாது என்றால், இது உதிரிப் பாட்டுகளின் தொகுப்பு அல்ல. பாகவதம் தசம ஸ்கந்தத்தைப் பின்பற்றி, கிருஷ்ணாவதாரத்தில் தொடங்கி ருக்மிணி கல்யாணத்தில் முடிகிற ஒரே நாடகம். சுலோகம் 'இப்போது இன்னார் இப்படிச் சொல்கிறார்' என்று வழி காட்டும், சூர்ணிகை காட்சியை விரிக்கும், பாட்டு அந்தப் பாத்திரத்தின் வாயிலிருந்து வரும். 'கலய யசோதே' கோபிகள் யசோதையிடம் வந்து பிள்ளையைப் பற்றி முறையிடும் பாட்டு. முன் சுலோகம் இல்லாமல் அதைப் பாடினால் கேட்பவருக்கு அது இன்னொரு கிருஷ்ண ஸ்துதியாகத்தான் விழும். முறையீட்டில் இருக்கிற கோபம், அதற்குள்ளே இருக்கிற கொஞ்சல் எல்லாம் போய்விடும். நம் பக்கத்துப் பஜனைகளில் பல காலமாக நடக்கிற பெரிய இழப்பு இதுதான் என்பேன்.

ஏட்டுச்சுவடி:
சரித்திரத்துக்கு வருகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை: அவர் சந்நியாசி. 'தீர்த்த' என்பது தசநாமி என்ற அத்வைத சந்நியாசி மரபின் பத்துப் பட்டங்களில் ஒன்று. குரு சிவராமானந்த தீர்த்தர். இதை நூலுக்குள்ளேயே, தம்மை அந்தக் குருவின் பாதசேவகர் என்று சொல்லிக்கொள்ளும் இடத்திலிருந்து எடுக்கலாம். நூலின் மொழி சம்ஸ்கிருதம். காலம் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்று சொன்னால் போதும். சமாதி ஆண்டு 1745 என்று பரவலாகச் சொல்கிறார்கள். சபையில் ஆண்டைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சமாதி குடமுருட்டிக் கரையில் திருப்பூந்துருத்தியில். அப்பர் சுவாமிகள் மடம் அமைத்துத் தங்கிய அதே ஊர், திருவையாற்று சப்தஸ்தானம் என்ற ஏழு தலங்களில் ஒன்று.

மரபாகச் சொல்லப்படுபவை: ஆந்திர தேசத்தில் குண்டூர்ப் பக்கம் பிறப்பு, பூர்வாசிரமப் பெயர் தல்லாவஜ்ஜுல கோவிந்த சாஸ்திரி. மாமனார் வீட்டுக்குக் கிருஷ்ணா நதியைக் கடக்கும்போது வெள்ளம் வந்து, உயிர் போகும் என்ற நிலையில் ஆபத் சந்நியாசம் எடுத்தார், வெள்ளம் வடிந்து கரையேறினார், மனைவிக்கு அவர் யதியாகவே (சந்நியாசியாகவே) தெரிந்தார் என்பது கதை. இங்கே ஒரு விளக்கம் அவசியம். ஆபத் சந்நியாசத்தில் ஹோமம், காஷாயம், தண்டம் எதுவும் இராது. துறந்தேன் என்ற மந்திரத்தை வாயாலோ மனத்தாலோ சொன்னால் போதும். பிழைத்து எழுந்தவர் பழைய ஆசிரமத்துக்குத் திரும்ப முடியாது. குருவை அடைந்து முறைப்படி பெற்றுக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாவிட்டால், கரையேறிய பிறகு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவருக்குத் தோன்றும்.

பிறகு வயிற்று வலி, திருப்பதி யாத்திரை, தெற்கே வந்து நடுக்காவேரிப் பிள்ளையார் கோயிலில் தங்கியது, காலையில் முதலில் கண்ணில் படுவதைப் பின்தொடர் என்று கனவு, வெள்ளை வராகம் ஒன்று முன்னே போய் பூபதிராஜபுரம் பெருமாள் கோயிலில் மறைந்தது. அதிலிருந்து அந்த ஊர் வரகூர் ஆயிற்று. தரங்கிணி பாடியது அங்கே வெங்கடேசப் பெருமாள் சந்நிதியில். பாடும்போது திரைக்குப் பின்னால் சலங்கை ஒலித்தது, ஆஞ்சநேயர் தாளம் போட்டார் என்பதும் மரபே.

ஒரு விண்ணப்பம். இந்தக் கதைகளைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், 'பெரியவர்கள் சொல்லி வருவது' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் நெஞ்சில் வைத்திருக்கும் கதை.

மேலவீதி:
ஐயா, அவரே 'பக்தி சந்திரிகா' எழுதியவர் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? சாண்டில்ய பக்தி சூத்திரத்துக்கு உரை. அத்வைத நூல்களும் அவருடையவை. வெறும் பாடகராக மட்டும் காட்டினால் ஆசாரியர் என்ற பக்கம் விட்டுப்போகும்.

ஏட்டுச்சுவடி:
அதைச் சேர்க்காதீர்கள். பக்தி சந்திரிகை எழுதிய நாராயண தீர்த்தர் காசியில் இருந்தவர், அவருடைய குரு ராமகோவிந்த தீர்த்தர். அத்வைத ஆசிரியரான கௌட பிரம்மானந்தருக்கு வித்யா குரு அந்தக் காசி நாராயண தீர்த்தர்தான். தரங்கிணிக்காரர் எங்கும் ராமகோவிந்த தீர்த்தரைச் சொல்லவில்லை, சிவராமானந்தரைத்தான் சொல்கிறார். சந்நியாசிக்குத் தந்தை பெயர், கோத்திரம் கிடையாது. ஆளை அடையாளம் காண நமக்கு இருப்பது குருவின் பெயர் ஒன்றே. அது மாறும்போது இரண்டு பேர் என்றே கொள்ள வேண்டும். ஒரே பட்டம், ஒரே நாமம் உள்ள யதிகள் பல பேர் இருந்திருக்கிறார்கள்.

ஆசாரியர் என்ற பக்கம் வேண்டுமானால் அதற்கு வேறு சான்று இருக்கிறது. கூச்சிப்பூடி மரபின் சித்தேந்திர யோகி இவருடைய சீடர் என்று ஆந்திரத்தில் சொல்லி வருகிறார்கள். பாரிஜாதாபஹரணம் என்ற தெலுங்கு யக்ஷகானமும் (இசை நாடகமும்) இவர் பெயரில் வழங்குகிறது. தாம்பாளத்தின் விளிம்பில் நின்று ஆடும் கூச்சிப்பூடி உருப்படிக்கே 'தரங்கம்' என்றுதான் பெயர். அதற்கு அதிகம் எடுத்துக்கொள்ளப்படுவது மோகன ராகத்தில் 'பால கோபால மாமுத்தர'. வரகூரில் பிறந்த பாட்டு கிருஷ்ணா நதிக்கரையில் ஆட்டமாயிற்று என்று சொல்லலாம். பத்து நிமிஷத்துக்கு அது போதும்.

மேலவீதி:
சரி, குருவின் பெயரை வைத்துச் சொன்னது பொருத்தமாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: பாட்டும் போதனைதான். ஜயதேவர் 12 சர்க்கத்தில் 24 அஷ்டபதியோடு சிருங்காரத்தை மட்டும் எடுத்தார். இவர் அதே 12 என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பிறப்பு, பாலலீலை, ராசம், கல்யாணம் வரை கொண்டுபோகிறார். கோபிகளின் பாட்டுக்கு நடுவே வேதாந்தம் வந்துவிடும். ஜயதேவரின் மறு அவதாரம் என்று இவரைச் சொல்வதற்குக் காரணம் அந்த உருவ ஒற்றுமை. ஆனால் நோக்கம் வேறு. இதைச் சரித்திரத்தில் இரண்டு வாக்கியமாகச் சேர்க்கலாம்.

சாபு:
தாளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கோஷ்டிப் பாடலில் தரங்கம் சரிவது பெரும்பாலும் இங்கேதான்.

மிச்ர சாபு பாட்டு வந்தால் ஜால்ரா கை தானாக ஆதி தாளத்துக்குப் போகும். ஏழு அட்சரத்தை 3, 2, 2 என்று பிரித்து 1, 4, 6-இல் மட்டும் தட்டச் சொல்லுங்கள். நடுவில் நிரப்ப வேண்டாம். பத்துச் சரணம் போனதும் கூட்டம் வேகம் பிடிக்கும். வேகம் பிடித்ததும் முதல் மூன்றில் ஒன்று தேய்ந்து ஆறாகிவிடும். அப்படித் திஸ்ரமாகி (மூன்றின் நடையாகி)ப் போன பிறகு மிருதங்கக்காரர் எவ்வளவு முட்டினாலும் திரும்பாது. பல்லவியை ஒருவர் மட்டும் பாடி மறுபடி எடுத்தால்தான் உண்டு. தடுக்க வழி, இரண்டு ஜோடி ஜால்ராவில் ஒன்றை மட்டும் சாபுப் பாட்டுக்கு வைப்பது.

அடுத்தது சொற்கட்டு. சில தரங்கங்களில் சரணத்துக்குள்ளேயே ஜதிச் சொற்கள் வரும். அங்கே முன்பாட்டுக்காரர் முழுச் சரணத்தையும் சொல்லிவிட்டுப் பின்பாட்டுக்கு விடக் கூடாது. ஓர் ஆவர்த்தம் சொல்லி நிறுத்தி, அடுத்த ஆவர்த்தத்தில் கூட்டம் சொல்ல வேண்டும். முழுசாக விட்டால் பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள்.

மத்தியம கால சாகித்யம் (இரட்டை வேகத்தில் வரும் வரிகள்) வரும் இடத்திலும் இதே தொல்லை. அடிப்படைக் காலத்தை முதலிலேயே இழுத்துப் பிடித்து வையுங்கள். வேகமாகத் தொடங்கிய பாட்டில் மத்தியம காலம் வந்தால் எழுத்து விழுங்கப்படும்.

நடுவாய்க்கால்:
ரொம்ப உபயோகம். சாபு சார், சூர்ணிகையைத் தாளத்தில் சொல்லலாமா? ஒருவர் மட்டும் சொன்னால் போதுமா? எங்களில் சம்ஸ்கிருதம் படித்தவர் ஒருவர்தான்.

சாபு:
தாளம் வேண்டாம். மிருதங்கம் சும்மா இருக்கட்டும்.

வெண்ணாற்றங்கரை:
சூர்ணிகையை ஒருவரே சொல்வது நல்லது. அது வசனம். ஆனால் நீண்ட நீண்ட சமாசங்கள் (கூட்டுச் சொற்கள்) அடுக்கி வருவதால் அதற்கென்று ஒரு ஓட்டம் உண்டு. அடுத்து வரும் பாட்டின் ராகத்தையே மெல்லிசாகப் பிடித்துக்கொண்டு சொன்னால் பாட்டுக்கு வழி திறக்கும். தவறு வரும் இடம் மூச்சு. சமாசத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் பொருள் முறிந்துவிடும். முதல் நாளே பென்சிலால் மூச்சுக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வேற்றுமை உருபு முடியும் இடத்தில் கோடு, சமாசத்தின் உள்ளே இல்லை. ஒரு சமாசம் ஒரே மூச்சில் எட்டவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள். முந்திய கோட்டில் மூச்சை நிறைய வாங்கிக்கொள்ளுங்கள்.

புத்தகம் பற்றி: தமிழ் எழுத்தில் அச்சிட்ட பதிப்பாக இருந்தால் மெய்யெழுத்தின் மேல் 2, 3, 4 என்று எண் போட்டதாகப் பாருங்கள். எண் இல்லாத பிரதியை வைத்துப் பதின்மூன்று பேர் பாடினால் ககாரம் ஆளுக்கு ஒரு விதமாக ஒலிக்கும். எண் உள்ள பிரதியிலிருந்து பாட்டுகளை மட்டும் பெரிய எழுத்தில் நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். சரணத்தை வரி வரியாகப் பிரித்து, பின்பாட்டு எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே ஒரு நட்சத்திரக் குறி.

குடமுருட்டி:
ராகம் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. என் கட்சி இது: புத்தக ராகத்தைத்தான் பாட வேண்டும். 'கோவர்த்தன கிரிதர' தர்பாரி கானடாவிலும் 'பரமபுருஷம் அனுயாம' பெஹாகிலும் பாடுகிறார்கள். வடக்கிலிருந்து பிற்காலத்தில் நம் கச்சேரி மேடைக்கு வந்த ராகங்கள் அவை. சுவாமிகள் அந்த மெட்டில் பாடியிருக்க வாய்ப்பே இல்லை. நாட்டை, சௌராஷ்டிரம், முகாரி, கேதாரகௌளை, பைரவி, புன்னாகவராளி, மங்களகாபி என்று நூல் ஒரு பாதை வைத்திருக்கிறது. பாத்திரத்தின் மனநிலைக்கு ஏற்ற ராகம் அது. அதைக் கலைத்துவிட்டு வரிசையை மட்டும் காப்பாற்றுவது பாதி வேலை.

வெண்ணாற்றங்கரை:
நீங்கள் சொல்லும் வரலாறு சரி. ஆனால் நூலின் தலைப்பில் ராகத்தின் பெயர்தான் இருக்கிறது, மெட்டு இல்லை. முகாரி என்று போட்டிருந்தாலும் இன்று நாம் பாடும் முகாரி மெட்டை யாரோ ஒரு பாகவதர் பிறகு அமைத்ததுதான். அப்படியிருக்க, தர்பாரி கானடாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இன்னொன்று, கூட்டத்துக்குத் தெரிந்த மெட்டை ஒரு மாதத்தில் மாற்றினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பஜனையில் கூட்டம் பாடாவிட்டால் அது கச்சேரி.

குடமுருட்டி:
கூட்டத்துக்குத் தெரிந்தது எத்தனை தரங்கம், அண்ணா? 'க்ஷேமம் குரு', 'பூரய மம காமம்', 'மாதவ மாமவ', 'ஆலோகயே' என்று பத்துப் பன்னிரண்டு. மீதி நூற்று நாற்பதுக்கு யாருக்கும் மெட்டு தெரியாது. தெரியாததற்குப் புத்தக ராகத்திலேயே எளிய மெட்டாக அமைத்துக்கொள்ளலாமே. தெரிந்ததை விட்டுவிடுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
அப்படியானால் நமக்குள் பேதமில்லை. பழகிய மெட்டு உள்ளதை அப்படியே வைக்கட்டும், இல்லாததற்குப் புத்தக ராகம், பல்லவிக்கும் சரணத்துக்கும் இரண்டே வரி மெட்டு. அனுபல்லவி மட்டும் மேலே ஏறினால் போதும். சரணங்கள் பல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டுதான். அஷ்டபதியில் எட்டுப் பதத்துக்கும் மெட்டை மாற்றாமல் ஓட்டுகிறோமே, அந்த வழி.

ச்ருதியைக் கவனியுங்கள். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி வந்தால் மத்தியம ச்ருதி, அதாவது பஞ்சமத்துக்குப் பதில் மத்தியமம் ஒலிக்க வேண்டும். ச்ருதிப் பெட்டி பஞ்சமத்திலேயே ஓடினால் பாடுகிறவர் எவ்வளவு சுத்தமாகப் பாடினாலும் ஒட்டாத மாதிரியே கேட்கும், குற்றம் தொண்டையில் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆர்மோனியக்காரரிடம் அந்தப் பாட்டுகளில் ஒரு 'ம' எழுதிக் கொடுத்துவிடுங்கள். 'மங்களாலய' நாதநாமக்கிரியையில் பாடுவதானால் அங்கே கண்டிப்பாக மாற்ற வேண்டும்.

ஆண்கள் ஐந்து, பெண்கள் எட்டு என்கிறீர்கள். ச்ருதி அளவில் ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டைதான் இயல்பு. நடுவில் இரண்டரை, மூன்று கட்டை என்று வைத்தால் தார ஸ்தாயி காந்தாரத்துக்கு மேலே போகும் மெட்டில் ஆண்கள் கத்துவார்கள், மந்திர பஞ்சமத்துக்கு இறங்கும் மெட்டில் பெண்கள் குரல் கேட்காது. பெண்கள் அதிகம் என்பதால் ஐந்து கட்டையே வையுங்கள். ஆண்கள் கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொள்ளட்டும். சுலோகமும் சூர்ணிகையும் ஆண் குரலில் வந்தால் அதற்கு மட்டும் ச்ருதியை மாற்றுவதில் தவறில்லை. பாட்டுக்கு நடுவில் மாற்றாதீர்கள்.

மேலவீதி:
சம்பிரதாய வரிசை பற்றி ஒரு குறிப்பு. தோடய மங்களம், குரு தியானம், குரு அபங்கம் (குருவைப் பற்றிய மராத்திப் பாட்டு), சாது கீர்த்தனை, அஷ்டபதி, பிறகு தரங்கம், அதன் பிறகு பத்ராசல ராமதாசர், புரந்தரதாசர், சதாசிவ பிரம்மேந்திரர் என்று போவது தக்ஷிண சம்பிரதாயம். கோவிந்தபுரம் போதேந்திர சுவாமிகள், திருவிசநல்லூர் ஸ்ரீதர அய்யாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் மூவரும் நமக்குத் தந்த கட்டு. ஆராதனை என்பதால் தரங்கம் நீளலாம், ஆனால் தோடய மங்களத்தையும் குரு தியானத்தையும் விட்டுவிட்டு நேராகத் தரங்கத்துக்குப் போவதை ஒப்ப மாட்டேன். ஓர் அஷ்டபதியாவது வேண்டும். அதற்கு ஏழு நிமிஷம் ஒதுக்குங்கள். ராமதாசர் முதலானவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாமாவளி போதும்.

திவ்யநாமம் (விளக்கைச் சுற்றி வந்து பாடுவது), டோலோத்ஸவம் (ஊஞ்சல் உற்சவம்) அன்றைக்கு வேண்டாம். இரண்டரை மணியில் அடங்காது.

நடுவாய்க்கால்:
ஆராதனை என்றுதானே சொல்கிறோம், சிரார்த்தம் என்று சொல்வதில்லையே, இதைக் கூட்டத்தில் இளைஞர்கள் கேட்பார்கள்.

ஏட்டுச்சுவடி:
சந்நியாசம் வாங்கும்போதே தமக்குரிய பிதிர்க் கடனைத் தாமே முடித்துவிடுகிறார்கள். அக்கினியையும் விட்டுவிடுகிறார்கள். அதனால் உடலுக்குத் தகனம் இல்லை, நிலத்தில் இருத்திச் சமாதி. பிண்டம் இல்லை, திதியில் பூஜைதான். திருப்பூந்துருத்தியிலும் நெரூரிலும் கோவிந்தபுரத்திலும் நாம் கும்பிடுவது அப்படிப்பட்ட அதிஷ்டானங்கள்.

குடமுருட்டி:
முடிந்தவர்கள் முன்னதாக ஒருநாள் இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம். கண்டியூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் சாலையில் திருப்பூந்துருத்தி, அதற்கு மேற்கே நடுக்காவேரி, அதையொட்டி வரகூர். மூன்றையும் ஒரே காலையில் பார்க்கலாம். தரங்கம் ஊரோடு கலந்து ஒலிப்பதைக் கேட்க வேண்டுமானால் கோகுலாஷ்டமி உறியடிக்கு வரகூர் போக வேண்டும். குடமுருட்டியில் முழுகி ஈர வேட்டியோடு சுவாமிக்குப் பின்னால் அங்கப்பிரதட்சிணம் வருவார்கள். பிறகு உறியடியும் வழுக்கு மரமும். மாசி மாதத்தில் அந்த ஆரவாரம் இராது, சமாதியில் உட்கார்ந்து பாட அமைதி கிடைக்கும்.

நடுவாய்க்கால்:
எல்லாருக்கும் நமஸ்காரம். பதிப்பை எண்ணிப் பார்த்துவிட்டேன், சரணங்களைச் சற்றுக் குறைத்தால் நூறு நிமிஷத்துக்குள் வருகிறது. நாட்டையில் 'ஜய ஜய ஸ்வாமின்' கணபதி துதியோடு ஆரம்பம். சூர்ணிகை ஒருவர், சுலோகம் இரண்டு பேர் மாற்றி மாற்றி. அஷ்டபதிக்கான ஏழு நிமிஷத்தை எங்கே எடுப்பது என்றுதான் யோசனை. தோடய மங்களத்தில் எல்லாப் பாட்டையும் பாடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு சரணம் குறைக்கலாமா?

மேலவீதி:
சரணம் குறைக்கலாம், பாட்டை விடக் கூடாது. ராகங்கள் ஒன்றையடுத்து ஒன்று வரும் வரிசையில்தான் கூட்டத்துக்குக் குரல் திறக்கிறது. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் அடுத்ததில் முதல் வரியை யாரும் சேர்ந்து எடுக்க மாட்டார்கள்.

சாபு:
முதல் ஒத்திகையை மிருதங்கம், ஜால்ரா இல்லாமல் கையால் தாளம் போட்டே நடத்துங்கள். எந்தப் பாட்டில் கை தடுமாறுகிறதோ அதன் தலைப்பில் ஒரு கோடு. இரண்டாவது ஒத்திகையில் அந்தப் பாட்டுகளை மட்டும் வாத்தியத்தோடு. எந்தெந்தப் பாட்டு எந்தத் தாளம் என்ற பட்டியலை இங்கே போட்டால் ஜால்ரா விழும் இடங்களை ஒவ்வொன்றுக்கும் எழுதித் தருகிறேன்.